மறுமுனை

அந்த மருத்துவமனையில் ஒரு நோயாளியைச் சேர்ப்பது சுலபம். ஒரு பிரிண்டரைச் சேர்ப்பதுதான் கஷ்டம்.

நோயாளியை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் வழியில் யாராவது ஒரு நர்ஸ் வாங்கிக்கொள்வார். பிரிண்டரையும் அதே ஸ்ட்ரெச்சரில்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் நிர்வாகக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த முகவரிப் பிரிவு. நெட்வொர்க்கில் பேச ஆசைப்படும் எந்தக் கருவிக்கும் ஒரு ஐபி முகவரி வேண்டும், வீட்டுக்குக் கதவு எண் வேண்டும் என்பது போல. உலகத்தில் மற்ற இடங்களில் அந்த எண்ணை ஒரு சின்ன மென்பொருள் கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடும். இங்கே அதைக் கொடுப்பதற்கு ஒரு தலைவர் இருந்தார். தலைவருக்குக் கீழே ஒரு முதுநிலை ஒட்டுநர் இருந்தார்.

கருவி நேரில் வர வேண்டும். தலைவர் அதை முன்னும் பின்னும் பார்ப்பார், எழுந்து நிற்பார். அறையில் இருக்கும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அவர் முகவரியை உரக்கப் படிப்பார். ஒட்டுநர் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்துக் கருவியின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தேய்ப்பார். அந்தத் தேய்ப்பு முடிந்த பிறகுதான் கருவிக்கு உயிர் வந்ததாக அர்த்தம். ஸ்கேன் மெஷினுக்கு முகவரி வாங்கியபோது அதை உள்ளே கொண்டுபோக ஒரு சுவரை இடிக்க வேண்டியிருந்தது. தலைவரே கீழே இறங்கி வந்து பார்க்கலாமே என்று கேட்ட பொறியாளர் இப்போது வேறு எங்கோ வேலை பார்க்கிறார்.

மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லாரும் வயர் என்று கூப்பிட்டார்கள். தோளில் எப்போதும் நீலக் கேபிள் ஒன்று சுருண்டு தொங்கும். அவளுடைய சித்தி அதே மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அம்மா போன பிறகு வயரை வளர்த்தவள் சித்திதான். சித்திக்குப் பெண்ணும் இவள்தான், வம்புக்கு இழுக்க ஆளும் இவள்தான்.

பரிசோதனைக் கூடம் நிலத்தடியில். வார்டுகள் மேலே. ரத்த ரிப்போர்ட் தயாரானதும் அச்சடித்து யாராவது படியேறிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். லிஃப்ட் ஸ்ட்ரெச்சர்களுக்கு மட்டும். அந்த யாராவது பெரும்பாலும் சித்திதான்.

"என் முட்டி பேச ஆரம்பிச்சிருச்சுடி," என்றாள் சித்தி ஒருநாள், கூடத்து ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டியபடி. "ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை சொல்லுது. எல்லாமே கெட்ட வார்த்தை."

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ சித்தி. ரிப்போர்ட் தானா வார்டுக்குப் போற மாதிரி செஞ்சு தரேன்."

"நீ செய்வ. மேல இருக்கறவங்க விடுவாங்களா?"

வயர் செய்தாள். ரிப்போர்ட்டை வார்டுத் திரைக்கு அனுப்பும் நிரலை எழுதி, சர்வரில் ஒரு கன்டெய்னருக்குள் வைத்தாள். கன்டெய்னர் என்பது ஒரு பெரிய கணினிக்குள் தடுப்புப் போட்டு உண்டாக்கும் தனிக்குடித்தனம். தடுப்புக்கு வெளியே ஓர் உலகம் இருப்பது உள்ளே இருக்கும் நிரலுக்குத் தெரியாது. முழுக் கணினியும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு அது நிம்மதியாக இருக்கும். வெளியே பேச வேண்டுமானால் அதற்கு ஒரு நெட்வொர்க் கார்டு வேண்டும். நிஜக் கார்டு தேவையில்லை. அமைப்புக் கோப்பில் சில வரிகள் எழுதினால் மெய்நிகர் கார்டு ஒன்று பிறந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கேபிள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முனை கன்டெய்னருக்குள் இருக்கும், மறுமுனையை வெளியே மருத்துவமனை நெட்வொர்க்கில் சேர்த்துவிட வேண்டும். பிறகு அதற்கு ஒரு முகவரி. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அந்த முகவரிக்காகத்தான் அவள் மேல்மாடி ஏறினாள்.

தலைவர் நல்ல உயரம். அவருடைய மேசை மேல் பித்தளைப் பெயர்ப்பலகை ஒன்று பளபளத்தது. அதைத் தினமும் காலையில் ஒட்டுநர் துடைத்து வைப்பார்.

"கருவி எங்கே?" என்றார் தலைவர்.

"கருவின்னு தனியா எதுவும் இல்ல சார். அது மெய்நிகர் கார்டு. சர்வருக்குள்ளயே இருக்கு."

"இல்லாத ஒண்ணுக்கு எதுக்கும்மா முகவரி?"

"இருக்கு சார். கண்ணுக்குத்தான் தெரியாது."

தலைவர் ஒட்டுநரைப் பார்த்தார். ஒட்டுநர் கையிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். அதை எங்கே ஒட்டுவது என்ற கவலை அவர் முகத்தில் உண்மையாகவே தெரிந்தது.

"கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் நான் அங்கீகரிக்க ஆரம்பிச்சா நாளைக்குக் காத்து வரும், வெளிச்சம் வரும், முகவரி குடுங்கன்னு நிக்கும்," என்றார் தலைவர். "முகவரின்னா மரியாதைம்மா. கேட்டவுடனே குடுத்துட்டா, அப்புறம் கேக்கறதுக்கு யாரு வருவாங்க? இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்ல இருந்து எங்ககிட்ட இருக்கற முகவரியில பாதிக்கு மேல இன்னும் யாரும் தொட்டதில்ல. அப்படியே புதுசா வெச்சிருக்கோம். வேற எந்த ஆஸ்பத்திரிக்காவது இந்தப் பெருமை உண்டா? நாளைக்கு வாங்க. கருவியோட வாங்க."

மறுநாள் வயர் சர்வரையே கழற்றி ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். வழியில் ஒரு பெரியவர் ஒதுங்கி நின்று தொப்பியைக் கழற்றினார். போர்த்தியிருந்த துணியைப் பார்த்து வேறு ஏதோ நினைத்துவிட்டார் பாவம்.

ஒட்டுநர் சர்வரைச் சுற்றி வந்தார். "இதுக்கு ஏற்கெனவே ஸ்டிக்கர் இருக்கே. ஒரு உடம்புக்கு ஒரு ஸ்டிக்கர்தான்."

"உள்ள தனித்தனியா அறை மாதிரி இருக்கும்ணா. அதுல ஒண்ணுக்குத்தான் கேக்கறேன்."

"திறந்து காட்டு," என்றார் தலைவர்.

மூடியைக் கழற்றினார்கள். ஒட்டுநர் டார்ச் அடித்து, தலையை உள்ளே விட்டு நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்தபோது மூக்கு நுனியில் தூசி இருந்தது.

"உள்ள அறையும் இல்ல, ஆளும் இல்ல சார். ஒரு ஃபேன்தான் இருக்கு."

"பாத்தியாம்மா?" என்றார் தலைவர் கனிவோடு. "நாங்க பார்க்காம ஒண்ணும் சொல்றதில்ல."

கீழே வந்த வயரைச் சித்தி படிக்கட்டில் எதிர்கொண்டாள். கையில் ரிப்போர்ட் கட்டு, ஒரு கை சுவரில். மூச்சு வாங்கியது.

"கிடைச்சுதா?"

"நாளைக்கு."

"நேத்தும் இதையேதான சொன்ன?"

"நேத்தைய நாளைக்கு வேற சித்தி. இது இன்னிக்கு நாளைக்கு."

சித்தி சிரித்துவிட்டு அடுத்த படியில் காலை வைத்தாள். முட்டி ஏதோ சொன்னது.

மூன்றாவது முறை வயர் பழைய சாமான் அறையைக் குடைந்து ஒரு செத்துப்போன நெட்வொர்க் கார்டை எடுத்துக்கொண்டு போனாள். இதுதான் அது என்றாள். தலைவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தார். ஒட்டுநர் ஸ்டிக்கரின் பின்தாளைப் பாதி உரித்துவிட்டார். அங்கேயே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் தலைவர், "இதோட வேலை என்ன?" என்று கேட்க, பழக்க தோஷத்தில் வயர் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"இது ஒரு முனை சார். உள்ள இருக்கும். மறுமுனை வெளியே இருக்கும்."

"மறுமுனை எங்கே?"

மறுமுனைக்கும் ஒரு செத்த கார்டு தேடிக் கொண்டுவந்தாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். தலைவர் முகவரியைப் படித்தார். ஒட்டுநர் கட்டைவிரலால் தேய்த்தார். வயருக்குக் கண் கலங்கியதுகூட உண்மை. அப்போது ஒட்டுநர் இரண்டு கார்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டி, பூட்டின் மேல் அரக்கு முத்திரை வைத்தார்.

"எதுக்குண்ணா பூட்டறீங்க?"

"விலை மதிப்புள்ளது. தொலைஞ்சு போச்சுன்னா?"

"அப்ப அந்த முகவரியை நான் கன்டெய்னர்ல போட்டுக்கலாமா?"

தலைவர் புன்னகை செய்தார். "அது எப்படிம்மா? முகவரி பீரோவுல இருக்கற கார்டுக்குக் குடுத்தது. வேற யாராவது அதை உபயோகிச்சா அதுக்குப் பேரு ஆள்மாறாட்டம்."

வயர் கீழே வந்தாள். சர்வர் முன் உட்கார்ந்து அந்த முகவரியைக் கன்டெய்னரின் அமைப்புக் கோப்பில் எழுதினாள். ஆள்மாறாட்டம் என்றால் ஆள்மாறாட்டம். கன்டெய்னர் எழுந்தது, மறுமுனை நெட்வொர்க்கில் சேர்ந்தது. குழந்தைகள் வார்டின் திரையில் முதல் ரிப்போர்ட் வந்து நின்றபோது அங்கிருந்த நர்ஸ் போனில் கத்தியது நிலத்தடி வரைக்கும் கேட்டது. சித்தி ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, யாரோ கொடுத்த காபியை முழுக்கக் குடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஆறாத காபி குடித்தது அந்த வாரம்தான்.

பீரோவில் பூட்டப்பட்ட கார்டு வெளியே பேசிக்கொண்டிருப்பதை முகவரிப் பிரிவு எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. பீரோவின் முத்திரையைச் சோதித்தார்கள், உடையவில்லை. அப்படியென்றால் குற்றம் இன்னும் பெரியது. ஒட்டுநர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கீழே இறங்கி வந்தார், சர்வரின் கேபிளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

அப்போது குழந்தைகள் வார்டில் ஒரு சின்னப் பெண்ணுக்கு அவசரமாக ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. திரை வெறுமையாக இருந்தது. கீழே சித்தி ரிப்போர்ட்டை அச்சடித்துக்கொண்டு படியில் ஓடினாள். கடைசி வளைவில் முட்டி மடங்கியது. கீழே விழுந்து கிடந்த நிலையிலும் தாள் பிடித்த கையை மட்டும் மேலே தூக்கியே வைத்திருந்தாள். அந்தப் பக்கம் வந்த ஒரு துப்புரவுத் தொழிலாளி அதைப் பிடுங்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினார். அந்தப் பெண் பிழைத்தாள். சித்திக்கு இடுப்பு எலும்பு முறிந்தது.

ஆபரேஷன் முடிந்து சித்தி படுத்திருந்தபோது தலைவர் பார்க்க வந்தார். ஒட்டுநரும் கூட வந்தார். தலைவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டிலில் கிடப்பவர்கள் எழுந்து நிற்க முடியாது என்பது அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது போலும்.

"இந்த மாதிரி நேரத்துலதாம்மா விதிகளோட அருமை தெரியுது," என்றார். "ரிப்போர்ட் தானா போயிட்டிருந்தா, அது எங்க போச்சு, யாரு கொண்டு போனாங்கன்னு யாருக்குத் தெரியும்? இப்ப பாருங்க, நீங்க கொண்டு போனீங்கன்னு ஆஸ்பத்திரிக்கே தெரியும். ஒரு கணினி இப்படி விழுமா? விழுந்தாலும் கையைத் தூக்கிப் பிடிக்குமா? மனுஷங்களை நம்பற பிரிவு எங்க பிரிவு. விசாரிச்சும் பாத்துட்டோம். எங்க பக்கம் தப்பே இல்ல. படிக்கட்டு நெட்வொர்க்குல வராது."

சித்தி போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "நீங்க நல்லா இருப்பீங்க சார்," என்றாள். அவள் வாயில் அது எவ்வளவு பெரிய சாபம் என்பது வயருக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குள் ஒட்டுநர், சித்தி நடந்து பழகுவதற்காகச் சுவரில் சாய்த்து வைத்திருந்த வாக்கரைக் கவனித்துவிட்டார். அதில் ஸ்டிக்கர் இல்லை. கை சும்மா இருக்கவில்லை. ஒன்றை ஒட்டிக் கட்டைவிரலால் தேய்த்தார்.

வயர் அந்த மஞ்சள் ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ஏதோ ஒரு கணக்கு புரிந்துவிட்டவள் போல இருந்தாள்.

கொஞ்ச நாளில் முகவரிப் பிரிவின் பழைய கணினி இருமத் தொடங்கியது. தலைவர் வயரைக் கூப்பிட்டனுப்பினார். "எங்களுக்கு எல்லாம் புதுசா, தனியா, பாதுகாப்பா அமைச்சுக் குடும்மா. வேற யாரும் உள்ள வரக் கூடாது."

"யாரும் வர மாட்டாங்க சார்," என்றாள் வயர்.

அவள் அவர்களுக்கு ஒரு கன்டெய்னர் கட்டினாள். வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு அக்கறையோடு கட்டியதில்லை. அதற்குள் முகவரிப் பதிவு இருந்தது, அஞ்சல் இருந்தது, மருத்துவமனையின் எல்லாக் கருவிகளின் பெயர்களும் இருந்தன. மேலிடம் என்ற பெயரில் ஓர் அஞ்சல் பெட்டியும் இருந்தது. மேல்மாடி அறையின் கேபிள்களை எல்லாம் கொண்டுவந்து அந்தக் கன்டெய்னரோடு சேர்த்தாள். கன்டெய்னருக்கு அழகான ஒரு மெய்நிகர் கார்டு கொடுத்தாள், முகவரி கொடுத்தாள். உள்ளே இருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

மறுமுனையை மட்டும் எதோடும் சேர்க்கவில்லை.

மேலிடத்திலிருந்து பதில் வர வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதினாள். அது பேச வேண்டிய வார்த்தைகளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தலைவர் அவளிடம் சொன்னதெல்லாம் ஒரு சொல் பிசகாமல் நினைவில் இருந்தது.

அன்று முதல் மருத்துவமனையில் முகவரிகளை வயர் வைத்த ஒரு மென்பொருள் கேட்ட மாத்திரத்தில் கொடுக்க ஆரம்பித்தது. ரிப்போர்ட்டுகள் வார்டுக்குப் போயின. யாரும் ஸ்ட்ரெச்சரில் பிரிண்டரைத் தள்ளவில்லை. தலைமை மருத்துவர் ஒரு கூட்டத்தில், "இப்பெல்லாம் முகவரிப் பிரிவு ரொம்ப சுறுசுறுப்பா இருக்கு," என்று பாராட்டினார். ஆனால் பாராட்டுக் கடிதம் மின்னஞ்சலில் போனதால் மேல்மாடிக்குப் போய்ச் சேரவில்லை.

மேல்மாடியிலோ பொற்காலம். தினமும் வயரின் அந்தச் சின்ன நிரல் அனுப்பும் விண்ணப்பங்கள் வந்தன. தலைவர் எல்லாவற்றுக்கும் 'கருவியோடு நேரில் வரவும்' என்று பதில் எழுதினார். யாரும் வரவில்லை.

"பாத்தியா?" என்றார் ஒட்டுநரிடம். "கண்டிப்பு வந்த பிறகு ஒருத்தனாவது தப்பான கருவியோட வந்தானா?"

"கருவியோடயே யாரும் வரல சார்."

"அதைத்தான் சொல்றேன்."

இப்படி இருக்கையில் தலைவர் ஓய்வு பெறும் காலம் நெருங்கியது. பிரிவு தான் இல்லாமல் பிழைக்காது என்று அவர் உண்மையாகவே நம்பினார். பணிக்காலத்தை நீட்டிக்கும்படி மேலிடத்துக்கு எழுதினார். பதில் உடனே வந்தது. அதைப் படித்துவிட்டு வயரை அழைத்தார்.

திரையில் இருந்தது: 'நீட்டிக்க வேண்டிய பணிக்காலத்தை நேரில் காட்டவும். கண்ணுக்குத் தெரியாததை அங்கீகரிக்க இயலாது.'

"என்ன ஒரு தெளிவு பாரு!" என்றார் தலைவர். குரலில் மரியாதை இருந்தது. "யாரோ நிர்வாகம் தெரிஞ்சவங்க எழுதியிருக்காங்க. ஆனா பணிக்காலத்தை எப்படிம்மா நேர்ல காட்டறது?"

"நான் கார்டைக் காட்டின மாதிரிதான் சார். உங்களுக்குப் பதிலா நிக்கற மாதிரி ஏதாவது ஒண்ணு."

தலைவர் யோசித்து, மேசை மேலிருந்த பெயர்ப்பலகையைத் தேர்ந்தெடுத்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒட்டுநர் அதில் ஸ்டிக்கரை ஒட்டிக் கட்டைவிரலால் தேய்த்தார். படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள்.

சர்வர் அறைக்கு வந்து வயர் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தாள். இந்த இடத்தில் அவளுக்கு மனசு ஒரு கணம் தடுமாறியது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். மறுமுனையை நிஜ நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால் விண்ணப்பம் நிஜ நிர்வாகத்துக்குப் போய்விடும். அவர்கள் நீட்டித்தும் விடுவார்கள், வழக்கமாக நீட்டித்துவிடுவார்கள். விசைப்பலகை மேல் விரலை வைத்தாள். அப்போது வெளியே நடைவழியில் 'டக்' என்று ஒரு சத்தம், ஒரு இடைவெளி, மறுபடியும் 'டக்'. சித்தி வாக்கரோடு கூடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். முன்பு ஓடிய தூரத்தை இப்போது ஓய்வெடுத்து ஓய்வெடுத்துக் கடந்தாள். வாக்கரில் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் இன்னும் இருந்தது. அவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தார்.

வயர் அந்த வரியை எழுதவில்லை. வேறு ஒன்றை எழுதினாள்.

மறுநாள் மேல்மாடியில் பதில் வந்தது. தலைவர் எழுந்து நின்று உரக்கப் படித்தார்.

'பணிக்காலம் நீட்டிக்கப்படுகிறது.' ஒட்டுநர் கைதட்டினார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். 'மேற்படி நீட்டிப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பெயர்ப்பலகைக்கு வழங்கப்பட்டது. விலை மதிப்புள்ளது என்பதால் அதைப் பீரோவில் வைத்து முத்திரையிடவும். வேறு யாராவது அந்தப் பதவியை உபயோகித்தால் அது ஆள்மாறாட்டம்.'

தலைவர் மறுபடியும் படித்தார், இந்த முறை வாய்க்குள். எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். தன் வார்த்தைகளில் ஓட்டை இருக்காது என்பது அவருக்கே தெரியும்.

"சரியாத்தானே சொல்லியிருக்காங்க," என்றார் கடைசியில்.

ஒட்டுநர் பெயர்ப்பலகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், அந்த இரண்டு செத்த கார்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். தலைவர் வீட்டுக்குப் போனார். தினமும் காலையில் ஒட்டுநர் பீரோவுக்கு முன்னால் எழுந்து நிற்கிறார். பிரிவு முன்பு போலவே நடக்கிறது. ஒரு தவறும் இல்லை.

"அந்த ஆளு இப்ப என்ன பண்றாராம்?" என்று கேட்டாள் சித்தி, கூடத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

"எந்த ஆளு சித்தி? வீட்டுல இருக்கறவரா, பீரோவுல இருக்கறவரா?"

"வீட்டுல இருக்கறவர்."

"திரும்ப எடுத்துக்கச் சொல்லி மேலிடத்தைப் பாக்க வந்தாரு. கேட்டுலயே நிறுத்திட்டாங்க. மேலிடம் எந்த மாடின்னு அவருக்குச் சொல்லத் தெரியல."

"நீ என்ன சொன்ன?"

"நாளைக்கு வாங்க சார்னு சொன்னேன்."

சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பிறகு காபியை ஒரு வாய் குடித்தாள். சூடாகத்தான் இருந்தது.

"பீரோவுல இருக்கறவரைப் பத்திரமா பாத்துக்கச் சொல்லுடி," என்றாள். "ஸ்டிக்கர் உரிஞ்சிடப் போகுது."